ஜெர்மனி மீண்டும் ஆயுதம் தரித்த வரலாறும் திருச்சபையின் மனச்சாட்சியும்

முதல் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் தரைப்படையை 1,00,000 பேருக்குள் அடக்கியது. விமானப்படையை முற்றிலும் விலக்கியது. ஆயினும் குடியரசின் காலத்திலேயே ரஷியாவின் லிபெட்ஸ்க் நகரில் ஜெர்மானிய விமானிகள் இரகசியமாகப் பயிற்சி பெற்றனர். மறைவில் முளைத்ததை ஹிட்லர் வெளியரங்கமாக்கினார். 1935 மார்ச் 16 அன்று கட்டாயப் படைச்சேவை அறிவிக்கப்பட்டது.

அந்நாளில் திருச்சபை யாது செய்தது? 1934இல் பார்மனில் கூடிய அறிக்கையிடும் சபையார், கிறிஸ்துவையன்றிச் சபைக்கு வேறு ஆண்டவர் இல்லை என்று துணிந்து சாற்றினர். எனினும் அவர்களது எதிர்ப்பு பெரும்பாலும் சபையின் சுயாதீனத்தைக் காப்பதோடு நின்றது. பெருகிவந்த படைபலத்தைக் குறித்து ஒருமித்த குரல் எழவில்லை. ஹெர்மன் ஷ்டோர் என்னும் சுவிசேஷ சபையார் மனச்சாட்சியின் நிமித்தம் ஆயுதம் தரிக்க மறுத்து, ஆயுதமற்ற பணி செய்ய முன்வந்தார். சபைத் தலைமை அவருக்குத் துணைநிற்கவில்லை. 1940 ஜூன் 21 அன்று பெர்லினின் பிளோட்சன்சே சிறையில் அவர் கொல்லப்பட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலை மாறிற்று. 1949இல் இயற்றப்பெற்ற மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம், மனச்சாட்சிக்கு விரோதமாக எவரையும் ஆயுதப் போர்ப்பணிக்குக் கட்டாயப்படுத்தலாகாது என்று விதித்தது. மறு ஆண்டே தலைமை அமைச்சர் அடினாயர், அமைச்சரவையைக் கலக்காமல் மேற்கத்திய வல்லரசுகளுக்குப் படையுதவி அளிக்க முன்வந்தார். உள்துறை அமைச்சரும் சுவிசேஷ சபைகளின் சினாட் தலைவருமாயிருந்த குஸ்தாவ் ஹைனமன், இதனை ஏற்காது பதவி துறந்தார். 1955இல் புதிய படை அமைந்தது. 1956இல் கட்டாயச் சேவை மீண்டது. சபை இருபிரிவாக வாதிட்டது, ஆனால் உடையவில்லை. 1959இல் வெளிவந்த ஹைடல்பர்க் கோட்பாடுகள், ஆயுதத்தைத் துறப்பவரையும், சமாதானத்தைக் காக்க ஆயுதம் தாங்குபவரையும் ஒரே சபைக்குள் ஏற்றன. கிழக்கு ஜெர்மனியிலும், ஆயுதம் ஏந்த மறுப்போருக்கென ஆயுதமற்ற கட்டுமானப் படைப்பிரிவு 1964இல் உருவாயிற்று.

இவ்வரலாறு எல்லாப் படையும் பாவம் என்றோ, எல்லாப் படையும் நியாயம் என்றோ நமக்குக் கற்பிக்கவில்லை. தாக்குண்ட அயலானைக் கைவிடுவதும் அன்பன்று. 2011இல் கட்டாயச் சேவையை நிறுத்திவைத்த ஜெர்மனி, 2022இல் ரஷியா உக்ரைன்மீது படையெடுத்தபின் 10,000 கோடி யூரோவைப் படைக்கெனச் சிறப்பாக ஒதுக்கியது. அங்குள்ள சபைகளின் முன் பழைய கேள்வி மீண்டும் நிற்கிறது.

நாம் கற்கவேண்டியவை இரண்டு. மறைவில் தீர்மானிக்கப்படுவதை வெளிச்சத்தில் விசாரிக்கும்படி சபை கேட்கவேண்டும். அதுவும் காலம் கடக்குமுன் கேட்கவேண்டும். மேலும், மனச்சாட்சியின் நிமித்தம் மறுப்பவன் ஒருவனே ஆயினும், அவன் கருத்தோடு நாம் இசையாவிடினும், அவனைத் தனியே நிற்க விடலாகாது. ரோமர் 13ஆம் அதிகாரத்தைப் போதிக்கிற நாம், ஷ்டோரின் மரணத்தையும் நம் மாணவர்க்குப் போதிப்போமாக.