நாற்பதடி கேமராவும் கிரகண முகாம்களும்

முழுச் சூரிய கிரகணத்தின்போது தெரியும் ஒளிவளையத்தைப் பெரிதாகப் படமெடுக்க, கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த ஜான் ஷேபர்லி 40 அடி குவியத்தூரமுள்ள கேமராவை உருவாக்கினார். வில்லையின் விட்டம் 5 அங்குலம்தான். ஒளிப்படத் தட்டில் விழும் சூரிய பிம்பமோ ஏறத்தாழ நாலரை அங்குலம். 1893 ஏப்ரல் 16 அன்று சிலி நாட்டின் மீனா பிரோன்செஸ் சுரங்கப் பகுதியில் அது முதலில் பயன்பட்டது.

எடுத்துச் செல்லத்தக்க கருவி என்று பெயர்; ஆனால் கப்பலேறியது வில்லை, கண்ணாடித் தட்டுகள், அவற்றை நகர்த்தும் கடிகாரப் பொறி, குழாய்க்கான துணி ஆகியவையே. மற்றதைப் போன இடத்தில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். வில்லை அசையாது. கிரகண நேரத்தில் சூரியன் எங்கு நிற்கும் என்று முன்னதாகவே கணக்கிட்டு, அதை அத்திசையில் பொருத்திவிடுவார்கள். சூரியன் நகரும் வேகத்துக்கு ஈடாகத் தட்டுதான் தண்டவாளத்தில் நகரும். ஆகவே கட்டுமானம் சற்றுப் பிசகினாலும் பிம்பம் தட்டுக்கு வெளியே போய்விடும். தட்டு மாற்றுபவர் குழாயின் அடியில் இருட்டறைக்குள் நிற்பார். உலகின் மறுகோடிக்கு வந்தும் அவர் வானத்தைப் பார்ப்பதில்லை.

சிலியில் மலைச்சரிவே குழாயைத் தாங்கியது. 1898 ஜனவரி 22 கிரகணத்துக்காக லிக் வானாய்வகத்தின் டபிள்யூ. டபிள்யூ. கேம்ப்பெல் முகாமிட்ட மேற்கு இந்தியாவின் ஜேவூரில் அந்த வசதி இல்லை. அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கோபுரங்கள் எழுந்தன. உள்கோபுரம் வில்லையை மட்டும் தாங்கியது. வெளிக்கோபுரம் குழாயைச் சுமந்தது. காற்று குழாயை உலுக்கினாலும் வில்லை ஆடாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது.

உழைப்பின் அளவு வெளிப்படையாகத் தெரிவது 1922 செப்டம்பர் 21 கிரகணத்தில். லிக் குழு முகாமிட்ட மேற்கு ஆஸ்திரேலியாவின் வாலாலில் துறைமுகமே கிடையாது. புரூமிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த பெட்டிகளைப் படகுகளுக்கு மாற்றி, அலைகளுக்கு நடுவே ‘எண்பது மைல் கடற்கரை’ எனப்படும் கரையில் இறக்க வேண்டியிருந்தது. கடற்படை வீரர்களும் அப்பகுதிப் பழங்குடி மக்களும் அவற்றைக் கரைசேர்த்தனர். கழுதை வண்டிகள் முகாமுக்கு இழுத்துச் சென்றன. இத்தகைய பயண அறிக்கைகளில் வானியலாளர் பெயர்கள் தவறாமல் இடம்பெறும். சுமந்தவர்கள் பெரும்பாலும் ‘உள்ளூர்வாசிகள்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோவார்கள்.

கொடைக்கானல் வானாய்வக இயக்குநர் ஜான் எவர்ஷெட்டும் வாலாலுக்கு வந்திருந்தார். கருவிக் கோளாறால் அவர் முயற்சி பலிக்கவில்லை. லிக் குழு, ஒளிவளையத்துக்கு 40 அடி கேமராவையும் விண்மீன்களுக்கு 15 அடி கேமராக்களையும் பயன்படுத்தியது. பிந்தையவற்றின் தட்டுகளிலிருந்து 1923-இல் கேம்ப்பெலும் டிரம்ப்ளரும் கண்டபடி, சூரியனின் ஈர்ப்பால் விண்மீன் ஒளி வளையும் அளவு 1.72 விகலை; ஐன்ஸ்டைன் கணித்தது 1.75.