புண்பட்ட புள்ளின் ஊன்: பழைய இந்திய நூல்களில் தூய்மையும் நலமும்

முன்னுரை

வேட்டையில் கிடைக்கும் பறவைகள் எல்லாம் ஒரே நிலையில் கைக்கு வருவதில்லை. சில அம்பு பட்டவுடன் விழுந்து இறக்கும். சில நாயின் வாயிலோ பருந்தின் காலிலோ சிக்கி இறக்கும். இன்னும் சில, முன்பு பட்ட புண்ணோடு பல நாள் உழன்று மெலிந்த பின்னரே அகப்படும். இவற்றுள் எதனை உண்ணலாம், எதனை விலக்க வேண்டும் என்னும் வினாவிற்கு வடமொழி மருத்துவ நூல்களும் அறநூல்களும் விடை கூறியுள்ளன. அவ்விடைகள் தம்முள் முரண்படுவன போலத் தோன்றுகின்றன. அம்முரண்பாட்டின் இயல்பையும், தமிழ் மரபு இவ்வினாவை எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மருத்துவ நூல்களின் விலக்கு

சரக சங்கிதை பறவை ஊன்களுள் காடையின் ஊனையே தலையாயதாகக் கூறுகிறது (சூத்திரத்தானம் 25). காடையின் ஊன்சாறு நோயுற்றோர்க்கும் உரிய உணவாக அந்நூலில் இடம்பெறுகிறது. உணவே மருந்தாகுமிடத்து, அவ்வூன் எந்நிலையில் பெறப்பட்டது என்பது மருத்துவனின் கவலையாவது இயல்பே. இயல்பாக இறந்தது, மெலிந்தது, மிகு கொழுப்புடையது, முதிர்ந்தது, மிக இளையது, நஞ்சால் இறந்தது, தனக்குரிய நிலத்தில் வளராதது, 'வியாளம்' கொன்றது ஆகியவற்றின் ஊனை விலக்குமாறு சரகம் பணிக்கிறது (சூத்திரத்தானம் 27). வியாளம் என்னும் சொல் பாம்பையும் கொடுவிலங்கையும் குறிக்கும்.

சுசுருத சங்கிதையின் பட்டியல் (சூத்திரத்தானம் 46) மேலும் நுட்பமானது. உலர்ந்தது, அழுகியது, நோயுற்றது, நஞ்சாலோ பாம்பாலோ இறந்தது என்பவற்றோடு, நஞ்சு பூசிய படையால் துளைக்கப்பட்டதும் அங்கே விலக்கப்படுகிறது. ஒவ்வொன்றாலும் விளையும் கேட்டையும் அந்நூல் சுட்டுகிறது. நஞ்சாலும் நோயாலும் இறந்ததன் ஊன் சாவைத் தரும்; நோயால் கெட்டது முக்குற்றங்களையும் மிகுவிக்கும்; அழுகியது குமட்டலை உண்டாக்கும்; மெலிந்தது வாதத்தைத் தூண்டும். 

இப்பட்டியல்களில் 'பழைய புண்' எனத் தனி வகை கூறப்படவில்லை. ஆயினும் புண்பட்டு நாட்பட உழன்ற பறவை மெலிந்ததாகவோ நோயுற்றதாகவோ இருக்குமாதலின், அவ்விரு வகைகளுள் அது அடங்கும் எனக் கொள்ளலாம். புண் உண்மையால் மட்டும் ஊன் விலக்கப்படவில்லை. அப்புண் உடலில் எதனை விட்டுச் சென்றது என்பதே மருத்துவ நூல்களின் வினாவாகும்.

அறநூல்களின் ஏற்பு

மனுநூல் வேறோர் அளவுகோலைக் கையாள்கிறது. நாய்களால் கொல்லப்பட்டதன் ஊன் தூயது என்றும், பிற ஊனுண்ணி விலங்குகள் கொன்றதும் சண்டாளர் முதலியோர் கொன்றதும் அவ்வாறே என்றும் அந்நூல் கூறுகிறது (5:131). யாக்ஞவல்கியமும் இக்கருத்தினது. சரகம் விலக்கிய கொடுவிலங்கு கொன்ற ஊனை மனுநூல் ஏற்பது முரணாகத் தோன்றும். ஆனால் மனு கேட்பது, ஊனைத் தொட்டவரின் தீட்டு அதில் ஒட்டுமா என்பதே. பிறப்பால் மனிதரைத் தீண்டத்தகாதவராக்கிய நூல், அவர் வேட்டையாடித் தந்த ஊனை மட்டும் தூயதென ஏற்றது என்பது கருதத்தக்கது. அத்தூய்மை உண்போரின் வசதிக்காக வகுக்கப்பட்டதே அன்றி, ஊனின் நலம் பற்றியதன்று.

அருத்தசாத்திரம் (2:26) அங்காடியை நோக்குகிறது. அப்பொழுதே கொல்லப்பட்டதன் ஊனையே விற்க வேண்டும் என்றும், தீநாற்றமுடையதையும் தானே இறந்ததையும் விற்றலாகாது என்றும் அது விதிக்கிறது. குர்ஆனோ (5:3) அடிபட்டும் விழுந்தும் முட்டப்பட்டும் இறந்தவற்றையும் கொடுவிலங்கு தின்றவற்றையும் விலக்கி, உயிர் நீங்குமுன் முறைப்படி அறுக்கப்பட்டதை மட்டும் ஏற்கிறது. ஆக, கொன்றவர் யார், உடலில் எஞ்சியது யாது, கொன்று எவ்வளவு பொழுதாயிற்று, அறுக்கும்போது உயிர் இருந்ததா என நான்கு வினாக்கள் ஒரே புண்ணைச் சுற்றி எழுந்துள்ளமை புலனாகிறது.

தமிழ் மரபு

காடையைப் 'பூழ்' எனவும் கவுதாரியைச் 'சிவல்' எனவும் வழங்கிய சங்கப் பாடல்கள், இவ்வினாவை விதியாக வகுக்கவில்லை. செந்நாய் தின்று எஞ்சிய ஊன் அருஞ்சுரம் செல்வோர்க்கு உணவாவதை நற்றிணை (43) காட்டுகிறது. அங்கே தீர்ப்பளிப்பது நூலன்று, பசியே. 

வள்ளுவரோ வினாவையே மாற்றிவிடுகிறார். புலால் என்பதே பிறிதோர் உடலின் புண் என்பது அவர் துணிபு (257). புண்பட்ட ஊன், புண்படாத ஊன் என்னும் பாகுபாடு அக்குறளின் முன் நில்லாது. ஏனைய நூல்கள் எப்புண் தகும் என ஆராய, வள்ளுவர் எப்புண்ணும் தகாது என்றார்.

துப்பாக்கிக்குப் பின்

1938 இல் அரசப் பிரதிநிதி லின்லித்கோவின் குழு பரத்பூரில் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அத்தகைய வேட்டைகளுக்குரிய ஈயச் சிறுகுண்டு, உடலில் நுண்துகள்களாகச் சிதறும் இயல்பினது. குண்டுகளைப் பொறுக்கி எடுத்த பின்னும் அத்துகள்கள் தசையில் எஞ்சும். சமைத்தலால் அவை நீங்கா. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டினை அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1991 இல் நாடு முழுவதும் தடைசெய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் அத்தடை 2023 இல் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தைச் சுசுருதர் கருதினார் எனல் பொருந்தாது. எனினும், படை தந்த நஞ்சு ஊனில் தங்கும் என்னும் அவர்தம் கோட்பாடு இங்கும் பொருந்துகிறது.

முடிவுரை

மருத்துவ நூலும் அறநூலும் முரண்படவில்லை. அவை வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறின. தூயது என்ற சொல்லை நலமுடையது எனப் பொருள்கொள்வதே குழப்பத்திற்குக் காரணமாகும். இந்தியாவில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களை நீக்கியபின், இவ்வினா பெரும்பாலும் வரலாற்றுக்குரியதாயிற்று. ஆயினும் 'தூய உணவு' என்னும் தொடர் இன்றும் வழங்குகிறது. அத்தூய்மை உண்பவரின் உடலைப் பற்றியதா, தொட்டவரின் பிறப்பைப் பற்றியதா என வினவும் கடமையைப் பழைய நூல்கள் நமக்கு விட்டுச் சென்றுள்ளன.