ஒரு கடிதமும் பல மறுப்புகளும்

1913ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இலண்டன் நீதிமன்றமொன்றில் விசித்திரமான வாசிப்பு ஒன்று நடைபெற்றது. பிரித்தானிய நூதனசாலையில் முத்திரையிட்டு வைக்கப்பெற்றிருந்த கையெழுத்துப் பிரதியொன்று அங்கே கொண்டுவரப்பட்டு உரத்த குரலிலே படிக்கப்பட்டது. அது ஒரு கடிதம். எழுதியவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. யாருக்கு எழுதப்பட்டதோ அவரே வழக்காளியாக வந்திருந்தார். தமக்கென எழுதப்பட்ட சொற்களை எதிர்த்தரப்பினர் ஊரறியப் படிக்க, வாசிப்பு முடியும்வரை அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

எழுதியவர் நாடகாசிரியர் ஒஸ்கார் வைல்ட். வழக்காளி கவிஞர் அல்பிரட் டக்ளஸ் பிரபு.

இருவரும் முதன்முதல் சந்தித்தது 1891இல். வைல்டுக்கு அப்போது வயது முப்பத்தாறு, மனைவியும் இரு ஆண்மக்களும் உடையவர், புகழேணியில் ஏறிக்கொண்டிருந்தவர். டக்ளஸோ இருபது வயதினர். வைல்ட் முன்னர் பயின்ற அதே ஒக்ஸ்போட் கல்லூரியில் மாணவர். அவர்களிடையே முகிழ்த்தது காதலேயாகும். வேறு பெயரால் அதனை அழைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயின் ஆடவர் இருவரின் காதலை 1885ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்றது. டக்ளஸின் தந்தையாகிய குயின்ஸ்பெரிப் பிரபு 1895 பெப்ரவரியில் வைல்டை இழிவுபடுத்தி ஒரு சீட்டை அவருடைய கழகத்தில் விட்டுச்சென்றார். வைல்ட் அவதூறு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு ஏப்பிரல் 5ஆந் திகதி முறிந்தது. அன்றே அவர் கைதுசெய்யப்பட்டார். மே மாதம் 25ஆந் திகதி இரண்டாண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது.

இவ்வளவும் எவரும் மறுக்காத செய்திகள். இதன் பின்னர்தான் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும் நிலை தொடங்குகின்றது.

றெடிங் சிறையில் 1897ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வைல்ட் அக்கடிதத்தை எழுதினார். நீலநிறச் சிறைத்தாள்கள் இருபது, பக்கங்கள் எண்பது. அதிலே காதலனின் புகழ்ச்சியை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவர். கணக்குப்புத்தகம் போன்றே பல பகுதிகள் உள்ளன. 1892ஆம் ஆண்டு இலையுதிர் காலம் முதல் சிறைபுகும் நாள்வரை டக்ளஸின் பொருட்டு ஐயாயிரம் பவுணுக்கு மேல் செலவாயிற்று என்கின்றார். பிறைட்டன் நகரில் நிகழ்ந்ததொரு சம்பவமும் அங்கே வருகின்றது. காய்ச்சலில் வீழ்ந்த டக்ளஸை வைல்ட் அருகிருந்து பேணினார்; அதே காய்ச்சல் தம்மைப் பற்றியபோது டக்ளஸ் தம்மைக் கைவிட்டுச் சென்றதோடு, தமது பிறந்தநாளன்று மனம் புண்படும் கடிதமும் எழுதினார் என்பது அவர் கூற்று. உறவை முறித்துவிடுவதென முடிவுசெய்த வேளையில், டக்ளஸின் தமையனார் இறந்த செய்தியைப் பத்திரிகையிற் கண்டு கோபமெல்லாம் கரைந்ததாகவும் அவரே எழுதியுள்ளார். குற்றம் சாட்டுகின்ற கடிதம், சாட்டுபவரின் மனநெகிழ்வையும் மறைக்கவில்லை.

கடிதத்தைச் சிறையிலிருந்து அனுப்ப அனுமதி கிடைக்கவில்லை. விடுதலையான மறுநாள், 1897 மே 20ஆந் திகதி, டியெப் துறைமுகத்தில் அதனை நண்பர் றொபேட் றொஸிடம் வைல்ட் ஒப்படைத்தார். பிரதியொன்றை டக்ளஸுக்கு அனுப்பியதாக றொஸ் கூறினார். தமக்கு அது கிடைக்கவேயில்லை என்று டக்ளஸ் இறுதிவரை சாதித்தார். 1905இல் டக்ளஸைப் பற்றிய பகுதிகளை நீக்கி, ‘டீ புறபண்டிஸ்’ என்னும் பெயரில் றொஸ் அதனை வெளியிட்டார். அந்நூலுக்கு மதிப்புரை எழுதியவர்களுள் டக்ளஸும் ஒருவர்! தமக்கு எழுதப்பட்ட கடிதத்தையே தாம் மதிப்பிடுவதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லையாம். 1909இல் மூலப்பிரதி ஐம்பதாண்டு திறக்கலாகாதென்னும் நிபந்தனையோடு நூதனசாலையிற் சேர்ந்தது.

ஆதர் றான்சம் 1912இல் எழுதிய வைல்ட் பற்றிய ஆய்வுநூல், டக்ளஸின் பெயரைக் கூறாமலே அவரைச் சுட்டியது. டக்ளஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்புக்குச் சான்றாகவே அக்கடிதம் வெளிவந்தது. ஜூரிமார் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்.

மறு ஆண்டே அவர் பெயரில் ‘ஒஸ்கார் வைல்டும் நானும்’ என்ற நூல் வெளியாயிற்று. நிகழ்ந்தது வெறும் நட்பே, வைல்டின் வாழ்வைத் தாம் அறிந்திலர் என்பது அதன் வாதம். இந்நூல் சாட்சியங்களுள் மிகத் தாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. அதன் பெரும்பகுதி குறொஸ்லண்ட் என்னும் வேறொருவர் எழுதியது; பிற்காலத்தில் டக்ளஸே அதனைத் தள்ளிவிட்டார். அன்றியும், வைல்ட் சிறையிலிருந்த 1895இலே, அவரைக் காக்கும் நோக்கத்தோடு பிரெஞ்சுப் பத்திரிகையொன்றுக்கு வைல்டின் காதற் கடிதங்களைச் சேர்த்துக் கட்டுரை ஆயத்தஞ் செய்தவரும் இதே டக்ளஸ்தான். வைல்ட் தடுத்தமையால் அது வெளிவரவில்லை. 1929இல் வெளிவந்த தன்வரலாற்றில், மறுத்தவற்றுள் ஒரு பகுதியை அவர் ஒப்புக்கொண்டார். 1940இல் வெளிவந்த நூலிலே குரல் இன்னும் தணிந்துவிட்டது.

இருவர் கூற்றும் நேருக்குநேர் மோதுமிடம் நேப்பிள்ஸ் நகரமாகும். கடிதத்தில் அத்தனை குற்றங்களையும் அடுக்கிய வைல்ட், விடுதலையாகிச் சில மாதங்களுக்குள் 1897 செப்டெம்பரில் டக்ளஸோடு அந்நகருக்குச் சென்று பொசிலிப்போவில் ஒரு வீட்டிற் குடியேறினார். ‘றெடிங் சிறைப் பாடல்’ அங்கேதான் நிறைவுபெற்றது. செய்தி பரவியது. மனைவி கொன்ஸ்டன்ஸ் வைல்டுக்கு அளித்துவந்த உதவிப்பணத்தை நிறுத்தினார். டக்ளஸின் தாயாரும் மகனுக்குப் பணம் மறுத்தார். டிசெம்பரில் டக்ளஸ் வெளியேறினார். பணம் வற்றியதும் தம்மைக் கைவிட்டார் என்று 1898 மார்ச்சில் வைல்ட் றொஸுக்கு எழுதினார். தாயாரிடமிருந்து இருநூறு பவுண் பெற்றுக்கொடுத்த பின்பே பிரிந்ததாக டக்ளஸ் கூறினார்.

பிரிந்த சில நாட்களில் டக்ளஸ் தம் தாயாருக்கு எழுதிய கடிதமும் உள்ளது. வைல்டிடம் மீள விரும்பி ஏங்கியதையும், மீண்டபின் அவ்வாழ்வு தம்மை வருத்தியதையும், விடுபட்டதில் மகிழ்வதையும் ஒரே மூச்சில் அதிலே கூறுகின்றார். இக்கடிதத்தையும் வைல்ட் றொஸுக்கு எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். டக்ளஸின் கடிதம் பணப்பையைக் கையில் வைத்திருந்த தாயாருக்கு எழுதப்பட்டது. வைல்டின் கடிதமோ, கொன்ஸ்டன்ஸின் உதவிப்பணம் மீளக் கிடைக்கவேண்டிய நாட்களில், அதற்கு உதவக்கூடிய நண்பருக்கு எழுதப்பட்டது. இருவரும், தாம் அந்த உறவினின்று நீங்கிவிட்டதைப் பிறருக்கு உறுதிப்படுத்த வேண்டியிருந்தனர். அதனாற் சொன்னவை பொய்யென்றாகா. ஆயினும் நேப்பிள்ஸிலே இருவரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த அந்த மாதங்களைப் பற்றி இக்கடிதங்களைவிட, ஊரெல்லாம் எதிர்க்கவும் அங்கே சென்றார்கள் என்ற செயலே நம்பத்தக்கது.

பின்னரும் உறவு முற்றாக அறவில்லை. பாரிசில் சந்தித்தார்கள். தந்தையின் சொத்து 1900இல் கைக்கு வந்தபின்பும் டக்ளஸ் உதவ மறுத்தார் என வைல்ட் வருந்தினார். டக்ளஸோ காசோலைகளின் கணக்கைப் பின்னாளிற் சான்றாகக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 30ஆந் திகதி வைல்ட் இறந்தார். சவ ஊர்வலத்தில் முதன்மைத் துக்கங்காப்பவராக நின்றவர் டக்ளஸே.

வின்ஸ்டன் சேர்ச்சிலைப் பற்றி அவதூறு எழுதியமைக்காக 1923 டிசெம்பரில் டக்ளஸ் தாமும் ஆறுமாதச் சிறைத்தண்டனை பெற்றார். சிறையில் ஒரு கவிதைத்தொடரை இயற்றினார். ‘டீ புறபண்டிஸ்’ என்னும் இலத்தீன் தொடர் ஆழங்களிலிருந்து எனப் பொருள்படும். உயரங்களில் எனப் பொருள்படும் ‘இன் எக்ஸெல்சிஸ்’ என்பதைத் தம் தொடருக்குப் பெயராக்கினார். வெளியேறுகையில் அக்கையெழுத்துப் பிரதியை அதிகாரிகள் கொடுக்கவில்லை. மனப்பாடத்திலிருந்தே மீண்டும் எழுதினார்.

1945 மார்ச்சில் டக்ளஸ் காலமானார். வைல்டின் இளைய மகன் விவியன் 1949இல் தட்டச்சுப் பிரதியொன்றைக்கொண்டு கடிதத்தை அச்சிட்டார். அதிற் பிழைகள் மலிந்திருந்தன. 1960இல் முத்திரை அகன்றது. 1962இல் வைல்டின் கடிதத் தொகுதியில் மூலத்திலுள்ளவாறே அது முழுமையாக வெளிவந்தது. டக்ளஸின் பெயரை விளித்துத் தொடங்கும் அந்த நீலத்தாள்கள் இருபதும் இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.