3 பரப்பு 15 குழி என்பது 3.15 அல்ல

சரவணை உட்பட யாழ்ப்பாணத் தீவகத்துக் காணி உறுதிகளில் நிலத்தின் அளவு பரப்பிலும் குழியிலும் எழுதப்படுகிறது. 18 குழி ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2,722.5 சதுர அடி.

ஆகவே குழியின் எண்ணிக்கை 18ஐத் தொட்டதும் பரப்பில் ஒன்று கூடிவிடும். பத்துப் பத்தாக எண்ணிப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். 3 பரப்பு 15 குழியை 3.15 எனக் கணிப்பானில் தட்டினால் சுமார் 1,860 சதுர அடி காணாமற்போகும். ஒரு வீடு கட்டக்கூடிய நிலம் அது! 15ஐ 18ஆல் வகுத்துக் கூட்டினால் வரும் 3.83 பரப்பே சரி. வெளிநாட்டிலிருந்து உறுதியின் படத்தை மட்டும் பார்த்து விலை பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பங்கு பிரிக்க 18 வசதியான எண். ஒரு பரப்பை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 6 குழி, மிச்சமில்லை. தசமத்தில் அதே பங்கு 0.333 என்று முடிவில்லாமல் நீளும். ஓர் ஏக்கரின் 288 குழியும் 2, 3, 4, 6, 8, 9 ஆகிய எதனாலும் மீதியின்றி வகுபடும். ஐந்து பிள்ளைகள் என்றால்தான் சிக்கல். ஒரு பரப்பில் ஆளுக்கு 3 குழி கொடுத்தபின் இன்னும் 3 குழி மிஞ்சும். அதில் கிணறும் அகப்பட்டுவிட்டால் சொல்லவே வேண்டாம்.