சிறிய விமானங்கள் தரையிறங்கும்போது ஏன் விபத்துக்குள்ளாகின்றன?

சிறிய விமானமொன்று விபத்துக்குள்ளானதாகச் செய்தி வந்தால், சில நிமிடங்களிலேயே சமூக வலைத்தளங்களில் தீர்ப்பும் வந்துவிடுகிறது. "விமானியின் கவனயீனம்" என்பார்கள் ஒரு சாரார், "பழைய இயந்திரம்" என்பார்கள் மறு சாரார். ஆனால் இவ்வாறான விபத்துகளைப் பற்றி நான் வாசித்தறிந்த வரையில், ஒரேயொரு காரணத்தால் நிகழ்பவை மிகக் குறைவு.

முதலாவது காரணம் எடை. எயார்பஸ் ஏ320 விமானம் 70 தொன்னுக்கும் அதிகமான எடையுடன் பறக்கக்கூடியது. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 இன் எடையோ சுமார் 1.1 தொன் மாத்திரமே. அது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும். பெரிய விமானத்தைச் சற்று அசைத்துவிட்டுப் போகும் பக்கக்காற்று, இதனை ஓடுபாதையை விட்டே விலக்கிவிடும்.

இரண்டாவது, வேகக் குறைவு. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் இறக்கைகளால் விமானத்தைத் தாங்க முடியாது. இதனை ஸ்டோல் என்பர். 60 பாகை சரிந்து, உயரம் குறையாமல் திரும்பும்போது அந்த எல்லை வேகம் 41 சதவீதம் உயர்ந்துவிடும். ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்ட விமானி, அவசரமாகச் சரித்துத் திருப்பி மூக்கை உயர்த்தும்போதுதான் ஆபத்து நேர்கிறது. தாழ்வான உயரத்தில் மீள்வதற்கு இடமிருக்காது.

மூன்றாவது, வேகம் கூடுதல். அப்போது விமானம் தரையைத் தொடாமல் மிதந்து செல்லும், அல்லது தொட்டுத் துள்ளும். முன்சக்கரம் முதலில் மோதினால் அது முறியும். தாமதமாகத் தொட்டால் ஓடுபாதை போதாது.

நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தைப் பாருங்கள். ஓடுபாதையின் நீளம் 527 மீற்றர். ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளத்தாக்கு. 2008 ஒக்டோபர் 8 ஆம் திகதி, எட்டி எயார்லைன்ஸின் ட்வின் ஒட்டர் விமானம் பனிமூட்டத்துக்குள் இறங்க முயன்று, ஓடுபாதைக்குச் சற்று முன்னால் மோதித் தீப்பற்றியது. அதிலிருந்த 19 பேரில் 18 பேர் உயிரிழந்தனர். தலைமை விமானி மாத்திரமே உயிர்தப்பினார்.

தரையிறக்கம் சரிவராது என்று தெரிந்தால், அதனைக் கைவிட்டு மேலெழுந்து மீண்டும் சுற்றி வரலாம். லுக்லா போன்ற இடங்களில் அந்த முடிவை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ஓரளவு நெருங்கிய பின்னர் மலை அதற்கு இடம் தராது.

சிவில் விமானப் போக்குவரத்து தொடர்பான சிகாகோ உடன்படிக்கையின் 13 ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல என்கிறது. நாமும் அதனையே கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து. விமானி தரையிறங்காமல் மேலெழுந்தாலோ, வந்த வழியே திரும்பினாலோ பயணிகள் முணுமுணுக்கக் கூடாது. தாமதத்துக்காக அவரைத் திட்டும் பழக்கமும், அடுத்த முறை ஆபத்தை மீறி இறங்கும்படி அவரைத் தூண்டும் ஒரு காரணமாகிவிடலாம்.