ஜோதிமாணிக்கத்து ஓர் எழுத்தும் நகரும் ஊசியும்

இன்னைக்குக் கதையை மதுரை பக்கத்து ஜோதிமாணிக்கத்தில் ஆரம்பிக்கிறேன். இந்த ஊர்க்காரர் ஒருவரின் ரத்தத்தில் எம்130 என்கிற மரபணு அடையாளம் இருந்தது. இதைச் சொன்னது மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழுவும், மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கிற அடையாளம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த பழைய பயணத்துக்கு இது சாட்சி என்றார்கள்.

அந்த அடையாளம் என்னன்னு பார்த்தா, ஒய் குரோமோசோமில் சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின். அவ்வளவுதான். ஓர் எழுத்து மாறியிருக்கு.

இந்த மாதிரி மாற்றங்களை மொத்தமாகத் தேட, 1990-களில் டிஎன்ஏ சிப் வந்தது. நமக்குத் தெரிந்த இழைகளைக் கண்ணாடித் தகட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிவைப்பார்கள். சோதிக்க வேண்டிய இழைக்கு ஒளிரும் சாயம் ஏற்றி அதன்மேல் விடுவார்கள். ஜோடி சேர்ந்த புள்ளி, லேசர் பட்டதும் ஒளிரும். சாயம் செலவு; படிக்கிற ஸ்கேனர் அதைவிடச் செலவு.

சாயம் இல்லாம முடியாதா? இங்கேதான் மின்வேதியியல் வருது. அது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுதான் இந்தத் துறைக்கென்றே இருக்கிற சிக்ரி.

டிஎன்ஏவை மின்முனையால் அறிய முடியும் என்று 1960-ல் காட்டியவர், செக் நாட்டு எமில் பாலெச்செக். 1989-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆலன் பார்ட் குழு, வருடும் மின்வேதி நுண்ணோக்கியை அறிமுகப்படுத்தியது. இதில் லென்ஸ் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய மின்முனை ஒன்று, திரவத்துக்குள் பரப்பை ஒட்டி நகரும். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு மின்னோட்டம் என்று குறித்துக்கொண்டே போகும். அந்த எண்களைக் கோத்தால் படம்.

ஜெர்மனியில் வோல்ஃப்காங் ஷூமன் குழு, 2004-ல் இந்த ஊசியை டிஎன்ஏ புள்ளிகள்மேல் ஓட்டியது. டிஎன்ஏ இழைக்கு எதிர்மின் சுமை. திரவத்தில் கலந்த ஃபெர்ரிசயனைடு, ஃபெர்ரோசயனைடுக்கும் அதே சுமை. ஒன்றையொன்று தள்ளும். இழை ஜோடி சேர்ந்த இடத்தில் சுமை கூடுவதால், தள்ளுமுள்ளும் கூடும், மின்னோட்டம் குறையும். சாயமே தேவைப்படலை. 2009-ல் கனடாவில் கிராட்ஸ் குழு, ஓர் எழுத்துப் பிசகைக்கூட இதே வகைக் கருவியால் பிரித்துக் காட்டியது.

அப்போ இது ஏன் நம்ம ஆஸ்பத்திரிக்கு வரலை? ஊசி ஒவ்வொரு இடமாக நகரணும், நேரம் பிடிக்கும். ஊசிக்கும் பரப்புக்கும் இடைவெளி கொஞ்சம் மாறினாலும் எண் மாறிடும். அதனால இது ஆய்வகத்தின் கண்ணாகவே நின்னுடுச்சு. தகட்டில் இழை சீரா ஒட்டியிருக்கா, ஜோடி சேருதா என்று பார்த்துச் சொல்லும்.

ஆனா ஒண்ணு யோசிங்க. வீட்டில் சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப்பும் மின்வேதியியல்தான். ஒரு காலத்தில் அந்தச் சோதனைக்கும் லேபுக்குத்தான் போகணும். ரத்தம் கொடுக்கிற கிராமத்துக்காரருக்கு, விடையும் அவர் ஊரிலேயே கிடைக்கணும் என்றால், நகரும் ஊசி கற்றுக்கொடுத்ததை நகராத ஒரு சின்னப் பட்டைக்குள் கொண்டுவரணும். வேலை அங்கேதான் மிச்சம் இருக்கு.