நெயில் பாலிஷ்: கார் பட்டறையும் பல் ஆஸ்பத்திரியும்

நெயில் பாலிஷுக்கெல்லாம் ஒரு வரலாறா என்று யாராவது சிரிப்பதற்குள் ஒரு தகவல். உங்க வீட்டு அலமாரியில் இருக்கிற அந்தக் குட்டி பாட்டிலுக்குள் இருப்பது வெடிமருந்தோட தங்கச்சி. நம்பாதவர்கள் தொடர்ந்து படிக்கவும் :-)

இப்போ எதுக்கு இந்தப் பேச்சு என்றால், அமெரிக்காவில் நகம் அழகு பண்ணுகிற தொழிலில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. ஜெல் பாலிஷ் வந்துடுச்சு, ரெண்டு வாரம் நிக்குது, விளக்குக்குள்ள கையை நீட்டினா சில நிமிஷத்துல இறுகிடுது. அப்புறம் காய நேரமாகிற, நாலு நாள்ல உரிஞ்சு போற பழைய பாலிஷை கடையில் இன்னும் ஏன் வச்சிருக்கணும்? சில கடைகளில் ஏற்கனவே ஜெல் மட்டும்தான்.

எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதைக் கடைசியில் சொல்றேன். முதல்ல கதை.

1846-ல் பாசல் நகரத்து வேதியியல் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊற வைத்தால் அது வெடிமருந்தாகிறது என்று அறிவித்தார். துப்பாக்கிப் பஞ்சு. வேதியியல் பெயர் நைட்ரோசெல்லுலோஸ். இதிலேயே நைட்ரஜன் கொஞ்சம் குறைவான ரகத்தைச் சரியான திரவத்தில் கரைத்துப் பூசினால், திரவம் ஆவியாகிப் போய், பளபளன்னு ஒரு மெல்லிய படலம் மட்டும் நிற்கும். பழைய சினிமா பிலிமும் இந்தக் குடும்பம்தான். தியேட்டர்கள் அப்படித் தீப்பிடித்ததற்கும் இதுதான் காரணம்.

அடுத்த கட்டம் 1920-கள், அமெரிக்க கார் தொழிற்சாலைகள். ஃபோர்டு கம்பெனி நகரும் அசெம்பிளி லைன் போட்டு, 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலையை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொண்டு வந்துவிட்டது. ஆனா கலர் கலரா கார் வேணும்னா? பெயிண்ட் கோட்டு மேல கோட்டு அடிச்சு காய வைக்க வாரக்கணக்காகும். கார் ரெடி, பெயிண்ட் காயலை! 1923-ல் டுபான்ட் கம்பெனி ட்யூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைக் கொண்டு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924 மாடல் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் அடித்தது. வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது.

அதே வேதியியல்தான் அப்படியே நகத்துக்கும் வந்து சேர்ந்தது. 1932-ல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், சார்லஸ் ரெவ்சன், அவர் அண்ணன் ஜோசப், சார்லஸ் லாக்மன் என்ற வேதியியலாளர் மூணு பேரும் ரெவ்லான் ஆரம்பித்தார்கள். (பெயரின் நடுவில் இருக்கும் 'எல்' லாக்மனுடையது.) அதுவரை பாலிஷ் என்றால் சாயம் கலந்த, உள்ளே நகம் தெரியும் பூச்சு. இவர்கள் சாயத்துக்குப் பதில் நிறமித் தூளைப் போட்டு, கெட்டியான, நகத்தை முழுக்க மூடுகிற கலரைக் கொடுத்தார்கள். முதலில் அதை விற்றது அழகு நிலையங்களுக்குத்தான்.

நைட்ரோசெல்லுலோஸ் ஜெயித்ததற்கு ஒரே காரணம், அது சீக்கிரம் காய்ந்தது. இன்னைக்கு அதை வெளியே போகச் சொல்வதற்குச் சொல்லப்படும் காரணம், அது லேட்டா காயுது! காலம் எப்படியெல்லாம் நக்கல் பண்ணுது பாருங்க.

இனி ஜெல் பக்கம். பாலிஷ் கார் பட்டறையிலிருந்து வந்தது என்றால், ஜெல்லும் அக்ரிலிக் நகமும் வந்தது பல் டாக்டர் நாற்காலியிலிருந்து. 1950-களில் ஃபிரெடரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்த தன் நகத்தைப் பல்லுக்குப் பயன்படுத்தும் அக்ரிலிக்கை வைத்துச் சரி பண்ணினார் என்பது இந்தத் தொழிலில் பிரபலமான கதை. நகப் பொருள்களில் பெரிய பேரான ஓ.பி.ஐ. ஒரு காலத்தில் பல் மருத்துவச் சாமான் விற்ற கம்பெனி. சி.என்.டி. கம்பெனியை 1979-ல் ஆரம்பித்த ஸ்டூவர்ட் நார்ட்ஸ்ட்ராமும் பல் மருத்துவர். ஒளி காட்டி இறுக வைக்கும் ஜெல் 1980-களிலேயே எட்டிப் பார்த்தது, அப்போ பெரிசா எடுபடலை. 2010-ல் சி.என்.டி. ஷெல்லாக் வந்த பிறகுதான், பாலிஷ் மாதிரியே பாட்டிலிலிருந்து பிரஷ்ஷால் பூசும் ஜெல் உலகம் முழுக்கப் பரவியது.

கடைக்காரங்க பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். ஜெல்லுக்குக் காசு அதிகம். வாடிக்கையாளர் கையை உதறிக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம், நாற்காலி காலியாகும். வாசலைத் தாண்டறதுக்குள்ள அழிஞ்சு போச்சுன்னு திரும்பி வந்து இலவசமா மறுபடி போடச் சொல்ற தொல்லையும் இல்லை. சின்னக் கடை நடத்துறவங்களுக்கு இது சோத்துப் பிரச்சினை.

ஆனா ரெண்டும் ஒரே பொருளோட பழைய, புது வெர்ஷன் என்று நினைத்தால் அங்கேதான் தப்பு. பாலிஷ் காய்கிறது, ஜெல் வினை புரிகிறது. பாலிஷில் கரைப்பான் ஆவியாகிறது, அவ்வளவுதான். அதே மாதிரி கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் மறுபடி கரைந்து வந்துவிடும். ஜெல்லில் புற ஊதா ஒளி பட்டதும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து வலையாக இறுகுகின்றன. வலை மறுபடி கரையாது. அசிட்டோனில் ஊற வைத்து, உப்ப வைத்து, நெம்பித்தான் எடுக்கணும். பொறுமையில்லாமல் பிய்த்தால் நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும்.

இறுகாமல் மிச்சம் இருக்கும் மூலக்கூறுகள்தான் அடுத்த சிக்கல். அவை தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வரலாம். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018-ல் இது பற்றி எச்சரித்தது. ஒருமுறை வந்த அலர்ஜி பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. அதே குடும்பத்து ரசாயனம்தான் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவையில் போடும் சிமெண்டிலும் இருக்கிறது. இந்த வயசுல நகத்துக்காக வாங்கின வினை, அறுபது வயசுல முட்டி ஆபரேஷனுக்குக் குறுக்கே நிற்கலாம். 2023-ல் சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர், நகம் உலர்த்தும் புற ஊதா விளக்கு ஆய்வகத் தட்டில் வளர்த்த மனித செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துவதைக் காட்டினார்கள். (தட்டில் இருந்த செல்கள், உயிருள்ள கை இல்லை. அதனால் புற்றுநோய் என்று பீதி கிளப்ப வேண்டாம்.) 2025 செப்டம்பர் 1 முதல், பல ஜெல்களில் ஒளியை வாங்கி வினையைத் தொடங்கி வைக்கும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் தடை செய்துவிட்டது.

அதுக்காக பாலிஷ் உத்தமன் என்று சொல்லவில்லை. டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் மூணையும் 'விஷ மூவர்' என்றே அழைத்தார்கள். 2000-களில் எதிர்ப்பு வலுத்த பிறகுதான் பெரிய கம்பெனிகள் அவற்றைக் கைவிட்டன.

நிற்க. இதையெல்லாம் தினம் சுவாசிப்பது யார்? 1975-ல் வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெண்களைக் கலிஃபோர்னியா முகாமில் சந்தித்த நடிகை டிப்பி ஹெட்ரன் (ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' நாயகி), அவர்கள் தன் நகங்களை ரசிப்பதைப் பார்த்து, தன் நக அலங்காரப் பெண்மணியையே வரவழைத்து இருபது பேருக்குத் தொழில் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அமெரிக்க நகக் கடைகளில் வியட்நாமியப் பெண்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு வேர் அங்கே. வாடிக்கையாளர் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடுவதை இவர்கள் நாள் முழுக்கத் தொடுகிறார்கள். அலர்ஜி வந்தால் வாடிக்கையாளருக்குப் போவது ஒரு அலங்காரம், இவர்களுக்குப் போவது வேலை.

இப்போ என் கட்சி. பழைய பாலிஷ் இருக்கணும். பழசு என்ற பாசத்தால் இல்லை. அது செய்கிற ஒரு வேலையை ஜெல் செய்யாது: நினைத்தபோது கழட்டலாம். அலர்ஜி வந்த பெண்ணுக்கு, நாளைக்கு ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் ஆக்சிஜன் அளவு பார்க்கப் போகிறவருக்கு, தொழுகைக்கு முன் நகத்தில் தண்ணீர் படணும் என்று நினைப்பவருக்கு, கல்யாணத்துக்கு மட்டும் கலர் போட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவருக்கு, பஞ்சும் ரெண்டு சொட்டு ரிமூவரும் போதும். ஜெல் மட்டுமே இருக்கும் கடை இவர்கள் எல்லாரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இறுகும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் கழட்டும் நேரத்தையும் சேர்த்துப் போடட்டும்.

கார்கள் நைட்ரோசெல்லுலோஸை விட்டு எப்பவோ போயாச்சு. ஆனா கிப்சன் கிடாருக்கு இன்னைக்கும் அதே பூச்சுதான். ஒரு இடத்தில் வேலை முடிந்தது என்பதால் எல்லா இடத்திலும் முடிந்ததாக அர்த்தமில்லை. விலைப்பட்டியலில் கடைசி வரியாகவாவது அந்தக் குட்டி பாட்டில் இருக்கட்டும்.

ஜெல் கட்சிக்காரங்க யாராவது இருந்தா வாங்க, பேசலாம். அடிக்க மட்டும் வராதீங்க :-)